அந்த ஏழு பாண்டுகள்: வாசகர் கேள்வியும் என் பதிலும்

போன இதழில், ‘நீங்கள் அடிக்கடி திரும்பப் பார்க்கும் ஆங்கிலப் படம் எது?’ என்ற கேள்விக்கு, 1967-இல் வந்த ‘கேசினோ ராயல்’ என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். டேனியல் கிரெய்க் நடித்த 2006 படம் வேறு. இது அதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் முந்தியது, ஜேம்ஸ் பாண்டையே கேலி செய்து எடுத்தது. வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி ஆச்சரியம். எனவே இந்த வாரம் முழுக்க அந்தப் படத்துக்கே.

பாண்ட் படங்கள் இருபத்தைந்தையும் வரிசையாகப் பார்த்தவன் நான். நீங்கள் சொன்னீர்களே என்று இதையும் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலில் இது பாண்ட் படம்தானா?
– வாசகர், கோவில்பட்டி

உங்கள் இருபத்தைந்தில் இது சேராது. அந்த வரிசையை எடுத்தது பிராக்கொலியும் சால்ட்ஸ்மேனும் தொடங்கிய ஈயான் நிறுவனம். இதை எடுத்தவர் சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற வேறொரு தயாரிப்பாளர், வெளியிட்டது கொலம்பியா. ஆனால் கதைக்கு மூலம் இயன் ஃப்ளெமிங்கின் நாவல், அதுவும் பாண்ட் பிறந்த முதல் நாவல். வரிசைக்கு வெளியே நிற்கிற படத்தின் கையில்தான் வரிசையின் முதல் கதை இருந்தது.

நீங்கள் பட்ட ஏமாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். 1985 கோடை விடுமுறை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு. அப்பா ஒருநாள் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்தார், கூடவே நாலு கேசட். மூன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ். ‘பாண்ட் படம் சார், அருமையான சண்டை’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தெருவே எங்கள் கூடத்தில். ஷான் கானரி வருவார் என்று எல்லோரும் காத்திருக்க, வெள்ளை மீசையும் திக்குவாயுமாக ஒரு வயதான கனவான் வந்தார். தோட்டத்தில் சிங்கங்கள் திரிய, அவர் பியானோவில் டெபுஸ்ஸியின் இசையை வாசிப்பதற்கென்று தினமும் நேரம் ஒதுக்கி வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் கூடம் காலி. அப்பாவும் எழுந்து போய்விட்டார். என் அண்ணனுக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. நான் மட்டும் அந்த மனிதருக்காகவே கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அவர்தான் டேவிட் நிவன்.

ஒரே நாயகன், இரண்டு கம்பெனி எப்படி? உரிமை என்று ஒன்று கிடையாதா?
– வாசகி, தேனி

உரிமைதான் இங்கே முழுக் கதையும். நாவல் 1953 ஏப்ரல் 13-இல் வெளிவந்தது. 1954-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான சி.பி.எஸ். அதை ஒரு மணி நேர நாடகமாக்கியது. பேரி நெல்சன் என்ற அமெரிக்கர் ‘ஜிம்மி பாண்ட்’ ஆனார், வில்லன் லெ ஷிஃப்ராகப் பீட்டர் லோரி வந்தார். அதற்காக ஃப்ளெமிங் வாங்கியது 1,000 டாலர். மறு ஆண்டு கிரெகரி ராடாஃப் என்ற நடிகர்-இயக்குநருக்கு சினிமா உரிமையை 6,000 டாலருக்கு விற்றார். ராடாஃப் 1960-இல் இறந்ததும் அவர் மனைவியிடமிருந்து ஃபெல்ட்மன் 75,000 டாலர் கொடுத்து வாங்கினார். 1961-இல் சால்ட்ஸ்மேன் மற்ற கதைகளுக்கெல்லாம் உரிமை வாங்கப் போனபோது இந்த ஒன்று மட்டும் ஃப்ளெமிங்கின் கையில் இல்லை.

ஃபெல்ட்மன் இதை முதலில் நேரான படமாகத்தான் எடுக்க நினைத்தார். பென் ஹெக்ட் போன்ற பெரிய எழுத்தாளரை வைத்துத் திரைக்கதை எழுத வைத்தார். ஹெக்ட் 1964-இல் இறந்துவிட்டார். ஈயானோடு கூட்டு சேர முயன்றது நடக்கவில்லை. கானரியை அழைத்தார், பத்து லட்சம் டாலர் கேட்டாராம், அதுவும் படியவில்லை. கானரி இல்லாமல், கானரியின் பாண்டோடு போட்டி போட முடியாது. அப்போதுதான் கேலிப் படம் என்ற முடிவுக்கு வந்தார். வேறு வழி அடைபட்டதால் பிறந்த பகடி இது. படத்தில் தெரியும் பதற்றத்துக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வேன்.

இதில் யார் நல்ல பாண்ட்?
– வாசகர், காரைக்குடி

நிவன். ஃப்ளெமிங்கே பாண்டாக நடிக்க விரும்பியவர்களில் ஒருவர் அவர்.

ஒரு படத்துக்கு ஐந்து இயக்குநர்கள் ஏன்? இதென்ன கூட்டுறவுச் சங்கமா?
– வாசகர், திண்டுக்கல்

ஜான் ஹூஸ்டன், கென் ஹியூஸ், வால் கெஸ்ட், ராபர்ட் பாரிஷ், ஜோ மெக்ராத். பெயர் போடாமல் வேலை செய்தவர்கள் தனி. எழுத்தாளர்கள் என்று திரையில் வருவது மூன்று பெயர். ஆனால் பில்லி வைல்டர், ஜோசஃப் ஹெல்லர், டெர்ரி சதர்ன் எல்லாம் கைவைத்த கதை இது. பைன்வுட், ஷெப்பர்டன், போரம்வுட் என்று லண்டனைச் சுற்றி மூன்று ஸ்டுடியோக்களில் படப்பிடிப்பு. தனித்தனிப் பகுதிகளைத் தனித்தனி ஆட்கள் எடுத்து, கடைசியில் கோர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

கோர்வை அறுந்த இடம் பீட்டர் செல்லர்ஸ். அவர் ஏற்ற வேடம் ஈவ்லின் ட்ரெம்பிள். பாக்கரா என்ற சீட்டாட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அந்தத் திறமைக்காகவே வெஸ்பர் லிண்ட், அதாவது உர்சுலா ஆண்ட்ரஸ், அவரை வளைத்துப் பிடித்து ‘007’ ஆக்குகிறார். எதிரே லெ ஷிஃப்ராக ஆர்சன் வெல்ஸ். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் போதும், படம் ஓடிவிடும் என்று நம்பியிருப்பார்கள். செல்லர்ஸ் அந்த மேஜைக்கு வெல்ஸோடு வர மறுத்துவிட்டார். இளவரசி மார்கரெட் படப்பிடிப்பைப் பார்க்க வந்தபோது செல்லர்ஸைக் கவனிக்காமல் வெல்ஸிடம் போய்ப் பேசியதால் வந்த மனக்கசப்பு என்று சொல்வதுண்டு. அது எப்படியோ, அந்தச் சீட்டாட்டத்தின் பெரும்பகுதியை இருவரையும் தனித்தனியாக வைத்துத்தான் எடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். ஒருவர் முகம், வெட்டு, மற்றவர் முகம். மேஜையின் பச்சைத் துணி மட்டும்தான் இருவருக்கும் பொது.

செல்லர்ஸ் கேட்டதால் இயக்குநராக வந்தவர் அவருடைய நண்பர் மெக்ராத். அவரோடும் செல்லர்ஸுக்குச் சண்டை. மெக்ராத் விலக, பாரிஷ் வந்தார். கடைசியில் செல்லர்ஸே தன் பகுதி முடிவதற்குள் போய்விட்டார். வெஸ்பரைக் கடத்தியவர்களைத் துரத்த ட்ரெம்பிள் பந்தயக் காரில் ஏறுவார். அடுத்த காட்சியில் லெ ஷிஃப்ரின் நாற்காலியில் கட்டுண்டு கிடப்பார். எப்படிப் பிடிபட்டார்? அது எடுக்கப்படவே இல்லை. கோவில்பட்டி வாசகரே, நீங்கள் கண் அசரவில்லை, அங்கே காட்சியே இல்லை.

இந்த ஓட்டைகளையெல்லாம் அடைக்கும் வேலை வால் கெஸ்டுக்கு வந்தது. நிவனையும் உர்சுலாவையும் வைத்து இணைப்புக் காட்சிகள் எடுத்து ஒட்டினார். ‘ஒருங்கிணைப்பு இயக்குநர்’ என்று பெயர் போடுகிறோம் என்றபோது அவர் வேண்டாம் என்றார். படத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் ஏன் மறுத்தார் என்பது புரியும். வுடி ஆலன் தன் காட்சிகளுக்காக லண்டனில் மாதக்கணக்கில் காத்திருந்தார். 60 லட்சம் டாலர் என்று தொடங்கிய செலவு 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது.

அவ்வளவு கொட்டி எடுத்த படம் ஓடியதா?
– வாசகி, நெய்வேலி

ஓடியது. உலகம் முழுக்க நாலு கோடி டாலருக்கு மேல் வசூல். லண்டனில் 1967 ஏப்ரல் 13-இல் வெளியிட்டார்கள். நாவல் வந்த அதே தேதி. கானரியின் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ ஜூன் மாதம்தான் வந்தது, இவர்கள் முந்திக்கொண்டார்கள். உடம்பெல்லாம் வண்ணச் சித்திரம் வரைந்த பெண், கைகளில் துப்பாக்கி என்று ராபர்ட் மெக்கின்னிஸ் வரைந்த போஸ்டரும் கூட்டத்தை இழுத்தது. ஃபெல்ட்மன் மறு ஆண்டே இறந்துவிட்டார்.

மக்கள் உயிராக நேசிக்கும் ஒரு நாயகனைக் கோமாளியாக்குவது அவமானம் இல்லையா? நீங்களும் அதைப் பாராட்டலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் கடிதம் நாலு பக்கம். இரண்டு முறை படித்தேன். இதே கேள்வியை என் அண்ணன் நாற்பது வருஷமாகக் கேட்கிறார். ஃப்ளெமிங்கின் நாவல்கள் அத்தனையையும் அவர் படித்திருக்கிறார். ‘அந்த முதல் நாவலில் எவ்வளவு வலி இருக்கிறது தெரியுமா? பாண்ட் ஒரு பெண்ணை மனசார விரும்புகிறான், அவள் எதிரியின் ஆள் என்று அவள் செத்த பிறகுதான் தெரிகிறது. அதைப் போய் விளையாட்டாக்கிவிட்டார்களே!’ என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகடிக்கு அந்த நாவல் பொருத்தமில்லை. 2006-இல் நேராக எடுத்தபோதுதான் அந்த வலி திரைக்கு வந்தது.

ஆனால் இந்தப் படம் பாண்டை அவமதிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கதையின் கருவை மட்டும் பாருங்கள். உண்மையான சர் ஜேம்ஸ் பாண்ட் ஓய்வு பெற்று ஒதுங்கி வாழ்கிறார். ஒரு காலத்தில் மாதா ஹரி என்ற புகழ்பெற்ற உளவுக்காரியைக் காதலித்தவர், அவளை இழந்தவர். தன் பெயரையும் எண்ணையும் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்களே, அவன் பெண் பித்தும் விதவிதமான கருவிகளுமாக அந்தப் பெயரைக் கெடுக்கிறானே என்று வருந்துகிறார். இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா என்று நாலு நாட்டு உளவுத் தலைவர்களும் சேர்ந்து வந்து அவரைக் கூப்பிடுகிறார்கள். மீண்டும் பொறுப்பேற்றதும் அவர் போடும் முக்கியமான உத்தரவு: எதிரியைக் குழப்ப, இனி நம் ஒற்றர்கள் எல்லோருக்கும் பெயர் ஜேம்ஸ் பாண்ட், எண் 007. ஆண்களுக்கும், பெண்களுக்கும்.

1967-இல் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. அப்போது பாண்ட் என்றால் ஒரே முகம், கானரி. அதற்குப் பிறகு அந்த வரிசையில் லேசன்பி, மூர், டால்டன், பிராஸ்னன், கிரெய்க் என்று ஐந்து பேர் அதே பெயரை மாட்டிக்கொண்டார்கள். பெயர் சட்டை மாதிரி, ஆள் மாறுவான் என்பதை இந்த உடைந்த படம் முதலில் வாய்விட்டுச் சொன்னது. நிவன் அந்த வசனங்களைச் சிரிப்பு காட்டாமல், நிஜமாகவே புண்பட்ட மனிதராகப் பேசுவார். ஒரு பெரியவர், தன் பெயரில் நடக்கிற காரியங்களைக் கண்டு கூசுகிறார். அதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது?

என் குறை வேறு. இவ்வளவு நல்ல கருவைக் கையில் வைத்துக்கொண்டு அதை அவர்கள் நம்பவில்லை. இது போதாது என்று ஒரு நட்சத்திரம், அது போதாது என்று இன்னொன்று. கடைசி இருபது நிமிடத்தில் கௌபாய்கள், செவ்விந்தியர்கள், கடல்சிங்கம், பாராசூட்டில் இறங்கும் வீரர்கள் என்று எல்லாவற்றையும் சூதாட்ட விடுதிக்குள் இறக்கிவிடுகிறார்கள். அங்கே எனக்கும் கை ரிமோட்டைத் தேடும். பகடி செய்பவர்களுக்கு நேரான கதை சொல்பவர்களைவிட அதிகக் கட்டுப்பாடு வேண்டும். ட்ரெம்பிளும் வெஸ்பரும் வரும் காட்சிகளில் செல்லர்ஸ் பாதி நேரம் சிரிக்க வைக்கவே முயலவில்லை. ஒரு சாதாரண ஆள், தன்னை நாயகன் என்று யாரோ சொன்னதும் மெல்ல அதை நம்பத் தொடங்குகிறான். படத்திலேயே நெஞ்சைத் தொடும் பகுதி அது.

வுடி ஆலன் பகுதி மட்டும் எனக்குப் பிடித்தது. தவறா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தவறே இல்லை. சுட்டுக்கொல்லும் தண்டனையிலிருந்து தப்பிக்கச் சுவரேறிக் குதித்து, அந்தப் பக்கம் இன்னொரு துப்பாக்கி வரிசைக்கு முன்னால் விழுவாரே, அது ஒன்றே போதும். பெரிய மனிதரான தன் மாமா சர் ஜேம்ஸ் பாண்டைக் கண்டாலே அவருக்குப் பேச்சு நின்றுவிடும். அந்தத் தாழ்வு மனப்பான்மையிலிருந்துதான் அவருடைய வில்லத்தனம் வருகிறது: பெண்களையெல்லாம் அழகிகளாக்கி, நாலரை அடிக்கு மேல் உயரமான ஆண்களையெல்லாம் ஒழித்துவிடும் கிருமி. பெரிய வில்லன்களின் உலகாளும் ஆசைக்குப் பின்னால் இருக்கிற சின்ன மனக்காயத்தை இப்படிக் காட்டிய வேறு பாண்ட் படம் எனக்கு நினைவில்லை.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை?
– வாசகி, புதுச்சேரி

ஒரு வார்த்தையில் அடங்காது. இசை பர்ட் பக்கராக். தொடக்க இசையை வாசித்தது ஹெர்ப் ஆல்பர்ட் குழு. அந்த எக்காளச் சத்தம் கேட்டாலே எனக்கு ஸ்ரீரங்கத்துக் கூடமும் மேஜை மின்விசிறியும் கண்முன் வந்துவிடும். ‘தி லுக் ஆஃப் லவ்’ பாட்டை ஹால் டேவிட் எழுத, டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடினார். வெஸ்பரின் வீட்டில் பெரிய மீன் தொட்டி. அந்தத் தண்ணீருக்கும் மீன்களுக்கும் அப்பால் உர்சுலாவும் செல்லர்ஸும் மெதுவாக, மிக மெதுவாக அசைகிறார்கள். டஸ்டி கிட்டத்தட்டக் காதுக்குள் ரகசியம் பேசுவது போலப் பாடுகிறார். கேலி, குழப்பம், அரங்கச் சண்டை எல்லாம் அந்த நிமிடங்களில் எங்கோ போய்விடும். ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. விருது ‘டாக்டர் டூலிட்டில்’ படப் பாட்டுக்குப் போனது. எனக்கு அதில் இன்னமும் வருத்தம்தான்.

1991-இல் சென்னையில் பழைய ரிக்கார்டு விற்கும் ஒரு பெரியவரிடம் இந்தப் படத்தின் எல்.பி. கிடைத்தது. ஒலித்தரம் பார்த்து ரிக்கார்டு சேர்ப்பவர்கள் உலகம் முழுக்கத் தேடும் தட்டு இது என்று அவர்தான் சொன்னார். அட்டை ஓரம் கிழிந்திருந்தது, தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. படத்தைத் திட்டும் அண்ணன்கூட, அந்தத் தட்டு சுழலும்போது வாய் திறக்க மாட்டார்.

பெண்கள் அரைகுறை உடையில் வந்துகொண்டே இருக்கிறார்களே. பேத்தியோடு பார்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

சின்னப் பேத்தி என்றால் வேண்டாம். பாண்ட் படங்களின் பெண் மோகத்தைக் கேலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அதையே இன்னும் அதிகமாகக் காட்டுகிறது. இந்த இடத்தில் படத்துக்காக நான் வாதாட மாட்டேன். டெபோரா கெர் மாதிரி நடிகை ஸ்காட்லாந்துக் கோட்டைக் காட்சிகளில் படும் பாடு எனக்கு வேதனை. அவர் பாண்டுக்கு விரிக்கும் வலையில் தானே விழுந்து, மனம் மாறித் துறவியாகும் இடம் மட்டும் அழகு.

நம் ஜெய்சங்கரைப் பற்றி ஒரு வரியாவது?
– வாசகர், மதுரை

தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பட்டத்தை மக்கள் அவருக்குக் கொடுத்தது இதே அறுபதுகளின் பிற்பகுதியில்தான். லண்டனில் இந்தப் படத்தில் ஏழு பேருக்குக் கொடுத்த பெயரை நாம் எட்டாவதாக ஒருவருக்கு மனசாரக் கொடுத்தோம்.

அந்த நாவல் உரிமை பிறகு எப்படி ஈயானுக்கு வந்தது?
– வழக்கறிஞர், சேலம்

கொலம்பியாவை சோனி வாங்கியபோது இந்த உரிமையும் கூடவே போனது. தொண்ணூறுகளின் இறுதியில் சோனி தனியாக ஒரு பாண்ட் வரிசை தொடங்கப் பார்த்தது. ஈயானின் பாண்ட் படங்களை வெளியிட்டுவந்த எம்.ஜி.எம். வழக்குப் போட்டது. 1999-இல் சமரசம்: சோனி பாண்ட் உரிமையை விட்டுக்கொடுத்தது, எம்.ஜி.எம். ஸ்பைடர்மேன் மீதான தன் பாத்தியதையை விட்டுக்கொடுத்தது. ஏழே வருஷத்தில் கிரெய்க் படம் வந்தது.

முதல்முறை பார்க்கப் போகிறேன். எப்படிப் பார்த்தால் பிடிக்கும்?
– வாசகி, கோயம்புத்தூர்

2 மணி 11 நிமிடப் படம். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், இரண்டு மாலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாலை நிவன் வீட்டுக் காட்சியை நிதானமாகப் பாருங்கள், ஸ்காட்லாந்துக் கோட்டையை வேகமாகத் தள்ளுங்கள், வெஸ்பரும் ட்ரெம்பிளும் மீன் தொட்டிக்கு முன்னால் நிற்பதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் பெர்லின். மாதா ஹரியின் மகள் போகும் அந்த வீட்டின் கோணல்மாணலான சுவர்களும் படிகளும் பழைய ஜெர்மன் மௌனப் படங்களின் பாணியில் போட்டவை. அப்புறம் சீட்டாட்டம், அப்புறம் வுடி ஆலன். கடைசிச் சண்டையின் போது எழுந்து காபி போடலாம், எதையும் இழக்க மாட்டீர்கள். விடுதி வெடித்ததும் மட்டும் வந்துவிடுங்கள். ஏழு பாண்டுகளும் மேகத்தின் மேல் நிற்பார்கள், ஒருவர் மட்டும் கீழே இறங்குவார். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்பாதீர்கள், நல்ல ஹெட்போனாவது போட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருகிறார். 2006 படத்தை என்னோடு சேர்ந்து பார்க்க வேண்டுமாம். முதலில் என்னுடையது, அப்புறம்தான் அவருடையது என்று சொல்லியிருக்கிறேன். மீன் தொட்டி வரை உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.